பயனர் சுப்புராயனின் அறிக்கைகள்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
19.7.2009

அன்பு மருமகள் எழிலரசிக்கு,

தாய்மாமன் சுப்புராயன் எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் அத்தை தைலம்மாளுக்கு முட்டிவலி. எனக்கு அந்த முட்டிவலியைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் காதுவலி. அங்கே விடுதிச் சாப்பாட்டை நீ தின்கிறாயா, அது உன்னைத் தின்கிறதா என்று எழுதவும்.

போன ஞாயிறு நீ பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பை, திங்கட்கிழமை ராகுகாலம் கழித்துத் திறந்தேன். திறந்த வேகத்தில் கெடிலம் ஆற்றில் நின்ற கொக்குகள் புதுச்சேரிப் பக்கம் பறந்துவிட்டன. விண்டோசை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டிருப்பதாகச் சொன்னாய், எல்லாம் தமிழிலேயே இருக்கும் என்றாய். உண்மைதான். ‘கோப்பு’ என்கிறது, ‘திருத்து’ என்கிறது. என்னிடம் இவ்வளவு மரியாதையாகத் தமிழ் பேசும் ஜீவன் இந்த வீட்டில் வேறு கிடையாது.

கம்ப்யூட்டர் படிக்காத ஆள் ஒருவர் இதை வைத்துப் புழங்கி, மாதம் ஒரு அறிக்கையைக் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும் என்று உன் கைடு சந்திரலேகா மேடம் கேட்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து ‘அளக்காதீங்க மாமா’ என்பாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை உன்னால் வாயைத் திறக்க முடியாது.

இனி அறிக்கை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எதுவானாலும் மைக்செட் கட்டி, ‘வருக வருக’ என்று கடலூர் மாவட்டத்தின் காற்றையே குத்தகைக்கு எடுத்திருக்கும் சுப்பு சவுண்ட் சர்வீஸ் உரிமையாளராகிய நான், ஒரே மூச்சில் முந்நூறு அறிவிப்புகளை இதில் அடித்தேன். ‘இன்னும் கொடுங்கள் ஐயா’ என்று மிஷின் கெஞ்சியது. பாட்டு சி.டி. ஒன்றைப் போட்டேன், கடலில் மீன்பிடிக்கப் போனவர்கள் வலையைப் போட்டுவிட்டுத் தாளம் தட்டியதாகத் தகவல். குறை எதுவும் இல்லை. இனிமேலும் இருக்காது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இவண்,
பயனர் சுப்புராயன்


அண்ணாமலை நகர்
28.7.2009

அன்புள்ள மாமாவுக்கு,

எழிலின் வணக்கம். அத்தையை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். விடுதியில் வாரம் முழுக்க ஒரே சாம்பார்தான், பெயர் மட்டும் மாறுகிறது.

உங்கள் அறிக்கையை மேடம் படித்தார். “ஒங்க மாமா என்னம்மா பண்றாரு?” என்றார். மைக்செட் அனௌன்சர் என்றேன். “அதான் தெரியுதே” என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாமா, கொஞ்சம் கேளுங்கள். லினக்ஸைத் தமிழில் போட்டுக் கொடுத்தால் யாருடைய உதவியும் இல்லாமல் சாதாரண ஆள் புழங்க முடியுமா என்பதுதான் என் எம்.சி.ஏ. பிராஜெக்ட். எனக்கு இருக்கும் ஒரே பயனர் நீங்கள்தான். எந்த இடத்தில் தடுமாறினீர்கள், எது புரியவில்லை என்று எழுதினால்தான் நான் எதையாவது சரிசெய்ய முடியும். குறையே இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை, பிராஜெக்டும் இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன், குறை எழுதுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள்
எழில்


கடலூர்
16.8.2009

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் சுகம். ஒத்தடத்தில் முட்டிவலி இடது காலிலிருந்து வலது காலுக்குக் குடிபோயிருக்கிறது. உனக்குச் சளி பிடித்திருப்பதாக உன் அம்மா அண்ணாகிராமத்திலிருந்து போன் செய்தாள். தலைக்குக் குளித்தால் துவட்டு.

குறை எழுதச் சொல்கிறாய். மருமகள் கையால் செய்த பொருளில் குறை கண்டதாகத் தாய்மாமன் எழுதி, கையெழுத்தும் போட்டால், நாளைக்கு உன் கல்யாணத்தில் என்னை எந்த முகத்தோடு மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள்? அந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்.

இப்போது ஒரு காரியம். குறிஞ்சிப்பாடியில் என் சிநேகிதன் கொளஞ்சியின் மகள் பொன்னிக்கு வரும் முப்பதாம் தேதி கல்யாணம். மேளக்காரர்கள் எல்லாரும் அன்றைக்கு வேறு ஊர்களில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன், “கவலப்படாதீங்க, நாயனம், கெட்டிமேளம் எல்லாத்தையும் பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்துடறேன்” என்று சொல்லியிருக்கிறான். என் பழைய சி.டி. பிளேயரில் பென் டிரைவுக்குப் பொந்து கிடையாது. உன் மிஷினில் இருக்கிறது. அது பாடுமா? பாடாது என்றால் நெல்லிக்குப்பத்தில் ஒருவரிடம் வேறு செட் இரவல் கேட்டு வைப்பேன். ஒரு வரி எழுதிப் போடு.

முப்பதாம் தேதி இடியைத் தோற்கடிக்கப் போகும்
மாமன் சுப்புராயன்


அண்ணாமலை நகர்
20.8.2009

அன்புள்ள மாமாவுக்கு,

சளி போய்விட்டது. நீங்கள் இருவரும் நலமாக இருப்பதில் சந்தோஷம்.

பாடும் மாமா. பென் டிரைவைச் செருகி, பாட்டின் மேல் இரண்டு தட்டுத் தட்டுங்கள், போதும். நான் லேபில் போட்டுப் பார்த்துவிட்டேன். யாரிடமும் இரவல் கேட்க வேண்டாம், பழைய செட்டையும் சுமந்துகொண்டு போகாதீர்கள்.

என் பிராஜெக்டுக்கு இதுதான் நிஜமான பரீட்சை. முடிந்ததும் உடனே எழுதுங்கள். பொன்னிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

உங்கள்
எழில்


கடலூர்
4.9.2009

அன்பு மருமகளுக்கு,

அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

கல்யாணம் முடிந்தது. தாலி கட்டும்போது எழுந்த மேளச் சத்தம், குறிஞ்சிப்பாடி மண்ணில் இதற்குமுன் யாரும் கேட்டிராதது. வந்திருந்த ஜனங்கள் இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

குறை இல்லை. மிஷினுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்திருக்கிறேன்.

சுப்புராயன்


அண்ணாமலை நகர்
12.10.2009

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? அத்தையின் முட்டி எந்தக் காலில் இருக்கிறது? இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி எதுவும் காய்வதில்லை, மற்றபடி சுகம்.

முதல் ரிவ்யூ முடிந்தது. கொளஞ்சி மாமா வீட்டுக் கல்யாணத்தை வைத்து ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். கம்ப்யூட்டர் படிக்காத ஒருவர், முந்நூறு பேர் கூடிய மண்டபத்தில், யார் துணையும் இல்லாமல், தமிழ் லினக்ஸில் முகூர்த்த மேளத்தை ஒலிக்க வைத்தார் என்று. மேடம் முதல் தடவையாக “பரவால்லியே” என்றார். என் பிராஜெக்டே இப்போது அந்த அத்தியாயத்தின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் செப்டம்பர் நாலாம் தேதிக்கு அப்புறம் அறிக்கை வரவில்லையே மாமா. போன கடிதமும் நீங்கள் எழுதியது மாதிரி இல்லை. தீபாவளிக்கு அண்ணாகிராமத்துக்கு வாருங்கள், பேசலாம். அம்மா அதிரசம் செய்கிறாள்.

உங்கள்
எழில்


கடலூர்
2.11.2009

எழிலு,

அத்தை எழுதுறேன். நல்லாருக்கியா? எனக்கு ஒங்க மாமா மாதிரி ஜோடிச்சி எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், படிச்சிக்க.

தீவாளிக்கு வராததுக்குக் காய்ச்சல்னு சொன்னாரே, அதெல்லாம் ஒன்னுமில்ல. ஒன் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்ல வராதுன்னு வரல.

அன்னிக்கி ஒன் மிஷினு பாடல பாப்பா. ஐயரு ‘கெட்டிமேளம் கெட்டிமேளம்’னு கைய ஆட்டறாரு. இவரு தட்டறாரு, தட்டறாரு. எதயோ தேடறேன்னு அதுல ஒரு வட்டம் சுத்திக்கினே கெடக்குது. மாப்ள தாலியப் புடிச்சிக்கினு நிக்கறான். சத்தமில்லாம எப்பிடிக் கட்டுறது? எவனாச்சும் தும்முனாக்கூட பொண்ணு காதுல வுழுமே. அப்பறம் இவரே மைக்க எடுத்து வாயால அடிச்சாரு. தவுலும் இவரே, நாயனமும் இவரே. மூணு முடிச்சும் வுழுறவரைக்கும் நிறுத்தல. பொண்ணு சிரிச்சிது, மாப்ள சிரிச்சான், மண்டபமே சிரிச்சிது.

கொளஞ்சி அண்ணன் ஒரு வார்த்த தப்பா சொல்லல. இவருதான் திரும்பி வர்றப்ப பஸ்ல வாயே தெறக்கல. எனக்குக் கண்ணாலம் ஆனதுலேருந்து இந்த மனுசன் பேசாம ஒக்காந்து நான் பாத்ததில்ல. தை மாசத்துக்குச் சொல்லி வச்சிருந்த ரெண்டு எடம் வேற செட்டுக்குப் போயிடிச்சி. மிஷின துணியில சுத்தி பீரோ மேல வச்சிட்டாரு.

ஒங்கிட்ட சொன்னா பாப்பா படிப்புக்குக் கெடுதல்னு என் வாயயும் கட்டிட்டாரு. நான் எழுதுனத சொல்லிக்காத. ஒடம்ப பாத்துக்க.

தைலம்மாள்


அண்ணாமலை நகர்
9.11.2009

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நலம், நீங்களும் நலம் என்று எழுதிவிட்டு உடனே விஷயத்துக்கு வருகிறேன்.

குறிஞ்சிப்பாடியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கல்யாணத்துக்கு முந்நூறு பேர் வந்திருந்தார்கள்.

தப்பு என்னுடையது. பென் டிரைவில் வரும் பாட்டு ஒலிக்க, கோடெக் என்று ஒரு சின்ன மென்பொருள் தனியாக வேண்டும். சி.டி. பாட்டுக்கு அது தேவைப்படாது, அதனால்தான் உங்களுக்கு வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் லேபில் அதை நெட்டிலிருந்து இறக்கியிருந்தேன், பாடியது. உங்களுக்குக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டேன். அதை மறுபடி இறக்க மறந்துவிட்டேன். மண்டபத்தில் அது தேடியது நெட்டை. அங்கே ஏது நெட்?

பாடும் என்று எழுதியது நான். பழைய செட் வேண்டாம் என்று சொன்னதும் நான். ஆனால் என் அத்தியாயத்தில் மேளம் ஒலித்ததாக இருக்கிறது. பொய்யை வைத்துக்கொண்டு என்னால் பட்டம் வாங்க முடியாது. நடந்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள். ‘பாடும் என்று எழிலரசி சொன்னாள்’ என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா.

எழில்


கடலூர்
23.11.2009

அன்பு மருமகளுக்கு,

இருவரும் சுகம். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. முட்டிவலிக்காரர் ஒருவர் தபால் பெட்டிவரை நடந்தால் அந்தச் செய்தி தெருவுக்கே தெரிந்துவிடும்.

நீ கேட்ட அறிக்கை தனித்தாளில் இருக்கிறது. மேளம் வராததையும், தாலியோடு நின்ற மாப்பிள்ளையையும், மைக்கைப் பிடித்து நான் வாயால் அடித்ததையும் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன். முதல்நாளே போட்டுப் பார்க்காதது பயனரின் தப்பு, பாடும் என்று பயனர் தானாகவே நினைத்துக்கொண்டார் என்று முடித்திருக்கிறேன்.

உன் பெயர் வரும் அந்த ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன். அதைப் படித்துவிட்டு உன் மேடம் மார்க்கில் கை வைப்பார். நம் குடும்பத்தில் எம்.சி.ஏ. படிக்கும் முதல் ஆள் நீ. ஜனங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தாயிற்று, அதோடு போகட்டும். என் உடம்பில் இன்னும் சிரிப்புக்கு இடம் இருக்கிறது, பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஆள் அனுப்பலாம்.

மழையில் நனையாதே.

சுப்புராயன்


அண்ணாமலை நகர்
4.1.2010

அன்புள்ள மாமாவுக்கு,

புது வருடத்தில் நீங்களும் அத்தையும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். நான் ராத்திரி பகல் இல்லாமல் வேலை செய்து இளைத்திருப்பதாக அம்மா சொல்கிறாள். நம்பாதீர்கள்.

இத்துடன் ஒரு சி.டி. அனுப்புகிறேன். இதை ஒருமுறை போட்டால் நெட் இல்லாமலே கோடெக் உள்ளே போய்விடும். அந்த வட்டத்தையும் எடுத்துவிட்டேன். இனிமேல் எதுவும் குறைந்தால், ‘நெட் இல்லை, இந்தப் பாட்டு இப்போது வராது’ என்று உடனே சொல்லிவிடும். பீரோ மேலிருந்து மிஷினை இறக்குங்கள்.

உங்கள் அறிக்கையை மேடத்திடம் கொடுத்தேன். இதில் என்ன கொடுமை என்றால், ஒரே மூச்சில் முந்நூறு அறிவிப்பு அடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டவர் இதை நம்பவில்லை. “வாயால கெட்டிமேளமா? இதான் இருக்குறதுலயே பெரிய புளுகு. அந்த மனுஷன நேர்ல வரச் சொல்லு” என்கிறார். ஜனவரி இருபத்திரண்டு, இரண்டாவது ரிவ்யூ. வெளியிலிருந்து எக்ஸாமினரும் வருகிறார். வருவீர்களா?

உங்கள்
எழில்


அண்ணாமலை நகர்
25.1.2010

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? கேன்டீனுக்குக் கூப்பிடத் திரும்பினேன், அதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நீங்கள் அந்த அறைக்குள் வந்து, மைக் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

எக்ஸாமினர் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார். “எங்க, அந்த மேளத்த இங்க கொஞ்சம் அடிச்சிக் காட்டுங்க பாப்போம்” என்றார். “அது தாலி கட்டுற நேரத்துக்குதாங்க. சும்மா அடிக்கறதில்ல” என்றீர்கள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மேடமும் அந்த நிமிடத்திலிருந்துதான் நம்பினார்.

அதற்கப்புறம் எக்ஸாமினர் கேட்டதற்கு நீங்கள் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“பாட்டு வரும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. நானா நெனச்சிக்கிட்டேன்.”

“இல்ல சார், நான்தான் சொன்னேன். லெட்டர்ல எழுதனேன்.”

“பாப்பா பயத்துல ஒளறுதுங்க. கண்டுக்காதீங்க.”

“அந்த லெட்டர் இருக்காய்யா?”

“தொலஞ்சிபோச்சிங்க.”

நீங்கள் போனபிறகு முடிவு சொன்னார்கள். சாட்சி ஒன்று சொல்கிறார், மாணவி ஒன்று சொல்கிறாள். பிப்ரவரி பதினைந்துக்குள் இரண்டும் ஒத்துப்போகிற மாதிரி பயனர் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் அந்த சி.டி.யை எதற்காகச் செய்தேன் என்று எனக்குச் சொல்ல வாய் இருக்காது. மிச்சம் இருப்பது எல்லாரும் செய்கிற வேலைதான்.

மார்க் குறையலாம் என்று மேடம் சொல்லிவிட்டார், குறையட்டும். நான் செய்த தப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அதை நான் சரிசெய்ததும் என்னுடையதாக இருக்காது. உங்கள் நல்ல மனசுக்காகக் கேட்கவில்லை மாமா, எனக்காகக் கேட்கிறேன்.

அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எழில்


கடலூர்
11.2.2010

அன்பு எழிலரசிக்கு,

சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதிக் கிழித்த தாள்களை வைத்துத்தான் ஒரு வாரமாக உன் அத்தை வெந்நீர் அடுப்பு மூட்டுகிறாள். முட்டிக்கு நல்ல குணம் தெரிகிறது.

கீழே இருப்பதைக் கத்தரித்து உன் மேடத்திடம் கொடு. மார்க் வந்ததும் எவ்வளவானாலும் எழுது.

மாமன்

பயனர் அறிக்கை

30.8.2009 அன்று குறிஞ்சிப்பாடியில் ஒரு திருமணத்தில், பென் டிரைவில் வந்த மேளம் இந்த லேப்டாப்பில் ஒலிக்கவில்லை. ஒலிக்கும் என்று எழிலரசி எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் தொலையவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். அதை நம்பி நான் வேறு செட் கொண்டுபோகவில்லை.

கடந்த மாதம் அவள் அனுப்பிய சி.டி.யைப் போட்டேன். வீட்டில் நெட் இல்லை. போட்டதும் மேளம் ஒலித்தது.

இந்தத் தை மாதம் வடலூரில் கொளஞ்சியின் தம்பி வீட்டுத் திருமணம். பயத்தில் வேறு செட் ஒன்றையும் கூட எடுத்துப் போயிருந்தேன். அதைப் பிரிக்கவில்லை. ஐயர் கை காட்டியதும் தட்டினேன். கெட்டிமேளம் நேரத்துக்கு வந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாலி ஏறியது.

என் குரல் தேவைப்படவில்லை.

சுப்புராயன்